சுவர்ப் பக்கம், பள்ளத்துப் பக்கம்

1

நடப்பதற்கு ஆள் வைத்துக்கொண்டேன் என்று ஊருக்கு எழுதினேன். என் மனைவியின் தம்பி பதில் போட்டிருந்தான். "மாமா, நடக்கறதுக்கு எதுக்கு ஆளு? வழி தெரியலன்னா அங்க யாரயாவது கேட்டா சொல்ல மாட்டாங்களா? இல்ல, உங்களத் தூக்கிக்கினு போறதுக்கா?"

விருத்தாசலத்துக்காரன் கேட்கிற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அசலம் என்று பேரிலேயே மலையை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் நம்முடையது. மலை எங்கே என்று வெளியூர்க்காரன் கேட்டால் கோயில் பக்கம் கையைக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம். சேத்தியாத்தோப்பு பக்கம் போனாலும் சரி, நல்லூர் பக்கம் போனாலும் சரி, தரை ஒரே மட்டம். கல்யாணம் ஆகும்வரை நான் பார்த்த பெரிய மலை, நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு. அதுவும் பஸ் ஜன்னல் வழியாக.

அப்படிப்பட்டவன் மஸ்கட்டுக்கு வந்து, தொப்பை போட்டு, சர்க்கரையும் வந்து, டாக்டர் 'நடங்க' என்றபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கடைசியில் நடந்தது ஒரு மலையின் விளிம்பில். அங்கே என்ன ஆனது என்று மச்சானுக்கு நான் முழுசாக எழுதவில்லை. எழுதினால் அவன் சிரிப்பு மணிமுத்தாற்றுக்கு அக்கரை வரை கேட்கும். ஆனால் இந்த வாரம் எங்கள் கல்யாண நாள் மறுபடி வந்து போனது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று எழுதுகிறேன்.

2

இங்கே நான் டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை பார்க்கிறேன். ஊரில் மண்ணைச் சுட்டவன், கடல் தாண்டி வந்தும் மண்ணைத்தான் சுடுகிறேன். வித்தியாசம், இங்கே சூளைக்கு ஏ.சி. ரூமிலிருந்து உத்தரவு போகிறது. முதல் சில வருஷம் கேம்பில் மற்ற ஆண்களோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு கிடந்தேன். பிறகு கம்பெனி குடும்ப விசா கொடுத்தது. மனைவி கலாவும் மகள் சுகன்யாவும் வந்து சேர்ந்தார்கள். சுகன்யா அப்போது ஸ்லேட்டில் ஆனா ஆவன்னா எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது நான் சொல்லப்போகிற வருஷத்தில் அவள் ஒன்பதாவது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இங்கிலீஷில் கேட்டால், அப்பா தமிழிலேயே கேளுங்கள், அது பரவாயில்லை என்பாள்.

அதற்கு முந்தின கோடையில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கலாவின் பெரிய அண்ணன் பார்க்க வந்தார். ஆலடி ரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே நல்ல நாற்காலி. அதில் சுகன்யா காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து நின்றார். இவள் சிரித்து, "ஹாய் மாமா" என்று கையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை. அவர் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது கலாவிடம் மட்டும் சொன்னார். "நல்லா வளத்து வச்சிருக்கற."

அந்த ஒரு வரி விமானத்தில் எங்களோடு திரும்பி வந்தது. மஸ்கட் வந்ததும் கலா முடிவைச் சொன்னாள்.

"ஒம்பதாவது முடிஞ்சதும் நானும் அவளும் ஊருக்குப் போயிடறோம். பத்தாவது அங்க படிக்கட்டும். நாலு பேரு எப்பிடி இருக்காங்கன்னு பாத்து நம்ம பழக்க வழக்கம் வரட்டும்."

"நானு?"

"நீங்க சம்பாரிச்சு அனுப்புங்க."

மார்ச்சு மாதத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஒரு வழி டிக்கெட். சுகன்யா ஒரு வாரம் எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. எந்த மொழியிலும் பேசவில்லை. நான் என்னைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன். மறுபடியும் கேம்ப், மறுபடியும் என் கையால் வைத்த சாம்பார். என் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள் யாரும் என்னை மறந்ததில்லை. மன்னித்ததும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கலா இந்த நாட்டுக்கு வந்து என்ன பார்த்தாள்? அடுப்படி, சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, மாடியில் காயும் துணி. இவ்வளவுதானே. அப்படிப்பட்ட ஊரை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வராது? கண்ணுக்கு நிறைவாக ஒன்றைக் காட்டினால் அசைந்து கொடுப்பாள். தை மாதம் கல்யாண நாளும் வருகிறது. மலைக்குக் கூட்டிப்போவோம்.

மலையைக் காட்டி மனைவியை நிறுத்தலாம் என்று நினைத்த என் புத்தியை நீங்கள் மெச்ச வேண்டாம்.

3

வெள்ளைக்காரர்களைக் கூட்டமாக மலைக்கு அழைத்துப் போகிற ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. கூட்டத்தோடு போனால் செலவு குறைவு. ஆனால் நீளக் கால்களோடு முன்னால் போகிற அவர்களுக்குப் பின்னால், நான் மூச்சிரைத்துக்கொண்டு போவதை என் மகள் பார்ப்பாள். எங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வழிகாட்டி வேண்டும் என்றேன். ஊரில் ஒருத்தன் தனிக் கார் வைத்துக்கொண்டு திருப்பதி போனால் எவ்வளவு பெருமையோ அவ்வளவு பெருமை எனக்கு.

பத்தாக்கா, அதுதான் இங்கே குடியிருக்கிறவனின் அடையாள அட்டை, அதன் நகலைக் கேட்டார்கள். கலாவின் அட்டை புதுப்பிக்கக் கம்பெனிக்குப் போயிருந்தது. கம்பெனியில் அரசாங்க வேலைகளைப் பார்க்கிற பி.ஆர்.ஓ. பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாக வரும்.

"அட்டை எதுக்கு இப்ப?"

"மலைக்குப் போறம் சார்."

"மலையில யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"பின்னே எதுக்குப் போறீங்க?"

"நடக்க."

"நடந்து எங்க போவீங்க?"

"போயிட்டு, அதே வழியா திரும்பி வந்துடுவோம்."

அவர் அலமாரியைத் திறந்தார். பிறகு, சூளைக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் வேலை செய்தவனிடம் பேசுகிற மெதுவான குரலில், "சரி, தண்ணி நெறைய குடிங்க" என்று அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

4

வழிகாட்டியின் பெயர் நாசர். முப்பது வயசு இருக்கும். வெள்ளை அங்கி, தலையில் வேலைப்பாடு போட்ட குல்லா, காலில் மட்டும் பூட்ஸ். பெரிய ஜீப்பைக் கொண்டுவந்து விடிவதற்குள் வாசலில் நிறுத்திவிட்டான். அவனுடைய ஹிந்தி, பம்பாய்ப் படம் பார்த்துக் கற்றது. என்னுடையது கேம்பில் கற்றது. இரண்டும் சந்தித்துக்கொண்டால் ஹிந்திக்காரன் யாராவது கேட்டு அழுதுவிடுவான். அதனால் அவன் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கலா பட்டுப் புடவை. கல்யாண நாளாம். காலில் சுகன்யாவின் பழைய கான்வாஸ் ஷூ. மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. நாசர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான். "மேடம் மலைக்கு வராங்களா, கல்யாணத்துக்குப் போறாங்களா?"

"அவ ரெண்டுக்கும் இப்பிடித்தான் வருவா" என்றேன்.

நிஸ்வாவைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, சரளைக் கல்லில் ஜீப் ஏற ஏற என் காது அடைத்தது. மேலே போய் இறங்கினால் குளிர். வளைகுடாவில் குளிர் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குச் செய்தி. நாலைந்து கல் வீடுகள், வெள்ளாடுகள், ஆட்டு மயிரில் நெய்த கயிறு விற்கும் ஒரு அம்மா. அந்த வீடுகளுக்குப் பின்னால் பூமி முடிந்துபோயிருந்தது.

எப்படிச் சொல்வது? நம் ஊர் ரயில்வே ஜங்ஷனைப் பிளாட்பாரத்தோடு தூக்கி உள்ளே போட்டால் தீப்பெட்டி மாதிரி தெரியும், அவ்வளவு ஆழப் பள்ளம். எதிர்ச் சுவரில் பாறை அடுக்கடுக்காக, சிவப்பு, சாம்பல், பழுப்பு என்று யாரோ சாந்து பூசிப் பூசி விட்டமாதிரி. எங்கள் தொழிலில் இந்த நிறங்களைப் பிடிக்க நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இங்கே அது சும்மா வெயிலில் கிடந்தது.

பாதை அந்தப் பாறைச் சுவரை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் ஒன்றும் இல்லை. கழுதை நடந்து நடந்து உண்டான பாதை என்றான் நாசர். இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம், சில இடத்தில் ஒருத்தர்தான்.

நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், கலா முன்னால் போனாள். வீட்டில் லிப்ட் கெட்டுப்போனால் இரண்டாவது மாடிக்கு மூன்று தடவை நின்று வருகிறவள், நாசருக்குப் பின்னாலேயே விறுவிறுவென்று. ஓரிடத்தில் நின்று பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, இங்க வாங்களேன். கழுகு பறக்குது பாருங்க."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மேல இல்லீங்க. கீழ!"

சுவரைப் பிடித்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டினேன். எங்களுக்குக் கீழே ஒரு கழுகு, இறக்கையை ஆட்டாமல், காற்றில் படுத்துக்கொண்டு போனது. அதன் முதுகில் வெயில் விழுந்தது. கழுகின் வயிற்றை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முதுகைப் பார்த்தவர்கள் நம் ஊரில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்.

கொஞ்ச தூரத்தில் நாசர் பாறையில் பதிந்திருந்த ஒரு சிப்பியைக் காட்டினான். கடல் சிப்பியேதான். ஒரு காலத்தில் இந்த மலை கடலுக்கு அடியில் இருந்ததாம். கலா விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கடலுக்கு அடியிலேந்து இம்மாம் உசரத்துக்கு வந்துட்டு, சத்தம் போடாம நிக்குது பாரேன்" என்றாள். வேறு சிலராக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று சுகன்யா இங்கிலீஷில் சொன்னாள். என்னைத்தான் சொல்கிறாள் என்பது புரிகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும்.

திட்டம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். கலாவின் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது.

5

பாதை குறுகும் ஒரு வளைவில் முன்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. நாசர் கையை உயர்த்தினான். "கழுதை வருது. ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான். இரண்டு பக்கமும் விறகுக் கட்டோடு ஒரு கழுதை வளைவில் திரும்பியது.

கலா என்ன செய்தாள் தெரியுமா? "பச்ச வருது, பச்ச வருது!" என்று குரல் கொடுத்தபடி, சுவரை விட்டு, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றாள். நானும் கொஞ்சமும் யோசிக்காமல் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேர் குதிகாலும் பாதையின் கடைசிக் கல்லில்.

ஏன் என்று ஊர்க்காரர்கள் சிலருக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நானும் கலாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே செராமிக் யூனிட்டில் வேலை செய்தோம். நான் சூளையில். அவள், அச்சிலிருந்து எடுத்த ஈரக் கப்புகளைப் பலகையில் வரிசையாக அடுக்கித் தோளில் வைத்து, காயவைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோவாள். சுடாத பொருளுக்குப் பச்சை என்று பேர். விரல் பட்டாலே நசுங்கிவிடும். கொண்டுபோகிற வழி ரொம்பக் குறுகல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் களிமண் குழம்புத் தொட்டி. பலகையோடு வருகிறவர் 'பச்ச வருது' என்று குரல் கொடுப்பார். யார் கேட்டாலும் அதைத் திருப்பிச் சொல்லி, சுவர்ப் பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டு, தொட்டிப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். சுமை சுவரோடு போகும், வெறுங்கை விளிம்பில் நிற்கும். அதுதான் சட்டம். கலாவுக்கு வழிவிட்டு நான் இரண்டு முறை தொட்டிக்குள் விழுந்திருக்கிறேன். இரண்டாவது முறை அவள் சிரித்துவிட்டாள். அதுதான் எங்கள் காதல் கதை, முழுசும் அவ்வளவுதான்.

மூளை மஸ்கட்டுக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கால் இன்னும் அந்த யூனிட்டில்தான் இருந்திருக்கிறது.

"சுவர்! சுவர்ப் பக்கம்!" என்று நாசர் கத்தினான். அரபியில் கத்தினான். எங்களுக்கு ஏறவில்லை. விறகு சுவரில் இடிக்காமல் விளிம்பை ஒட்டியே நடந்து பழகிய கழுதை எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது.

பக்கவாட்டிலிருந்து ஒரு கை என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. இன்னொரு கை கலாவின் பட்டு முந்தானையைச் சுருட்டிப் பிடித்து இழுத்தது. சுகன்யா. இரண்டு பேரையும் சேர்த்துப் பாறையில் மோதினாள். என் மூக்குக் கண்ணாடி நெளிந்தது. கழுதை எங்களைத் தாண்டியது. விறகுக் கட்டின் நுனி பாதையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, நாங்கள் நின்ற அதே இடத்தைத் துடைத்துக்கொண்டு போனது. கடைசிக் கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. விழுந்த சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தோம். ரொம்பக் கழித்து வந்தது.

"லூசாம்மா நீங்க? லூசா ரெண்டு பேரும்?" சுகன்யா என் பெல்ட்டை விடாமல் கத்தினாள். சுத்தமான விருத்தாசலத் தமிழ். "எதுக்கு அங்க போயி நின்னீங்க? எதுக்கு?"

கலா உதட்டை நனைத்துக்கொண்டாள். "எதுத்தாப்புல சுமை வந்தா சுவத்த வுட்டுக் குடுக்கணும்டி."

"யாருக்கு? கழுதைக்கா?"

 கழுதைக்குப் பின்னால் வந்த அதன் சொந்தக்காரர் போகிற போக்கில் சலாம் சொன்னார். பதில் சலாம் வைக்கச் சுவரைப் பிடித்தபடி திரும்பினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாசர் வந்து என் முன்னால் குந்தினான். "கழுதை வந்தால் மலை உன் முதுகில் இருக்கணும். யாரு உனக்கு மாத்திச் சொல்லிக் குடுத்தது?" கேம்ப் ஹிந்தியில் பச்சை, பலகை, தொட்டி எல்லாவற்றையும் விளக்க முயன்றேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்க ஊர்ல கழுதை கப்பு தூக்குமா?" என்றான். விட்டுவிட்டேன்.

மிச்சப் பாதையில் பாதியை நான் கடந்த விதத்தை நடை என்று சொல்ல முடியாது. குழந்தைகள் அதை வேறு பேர் சொல்லிச் செய்யும். முன்னால் கலா, பின்னால் சுகன்யா, நடுவில் நான், நாலு காலில்.

6

பாதை முடிகிற இடத்தில் ஒரு ஊர். பெரிய பாறைக் கூரைக்கு அடியில், குளவிக் கூடு மாதிரி ஒட்டிக்கொண்டு சில கல் வீடுகள். இப்போது யாரும் இல்லை. சுவரில் தானியம் கொட்டி வைக்கிற மண் குதிர். பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாய்க்கால் கட்டி இறக்கி, கைக்குட்டை அகலத்துக்குப் படிப்படியாக வயல். வீராணம் ஏரித் தண்ணீர் ஒரு வாரம் பிந்தினாலே எங்கள் ஜில்லாவில் போடுகிற சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே சொட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு, விழுந்தால் எலும்பு தேறாத இடத்தில், ஜனங்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கோதுமை விளைத்திருக்கிறார்கள். என் தொப்பையைத் தடவிக்கொண்டு, மனசுக்குள் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அங்கே நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை என்று நாசரே கவலையாகக் கேட்டான். "உடம்பு சரியில்லையா?"

கலா தூக்கைத் திறந்து முதலில் நாசருக்குப் புளிச்சோறு கொடுத்தாள். "சாப்புடுங்க தம்பி" என்று மூன்று முறை வைத்தாள். அவன் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான். அவள் சாப்பிடவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கண்ணுக்கு நிறைவாகக் காட்டக் கூட்டிவந்து சாவைக் காட்டிவிட்டேன். மார்ச்சு டிக்கெட் என்ன, நாளைக்கே கிளம்புகிறேன் என்பாள்.

திரும்பும்போது கலா சுவரை ஒட்டியே நடந்தாள். சுகன்யா அம்மாவின் முந்தானையை விடவேயில்லை.

ஜீப்பருகே வந்து சேர்ந்ததும் கலா ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே போன சரளையைக் கொட்டினாள். சுகன்யா தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க. டிக்கெட்ட வேணாம்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?"

"எந்த டிக்கெட்டு?" என்றேன். எந்த டிக்கெட் என்று தெரியாமல் இல்லை.

"அவள ஊருக்குக் கூட்டிக்கினு போனா நம்ம பழக்கமெல்லாம் வந்துடும்னு நெனச்சன்."

"ஆமா, சொன்ன."

"அவளுக்கும் அது வந்திருந்தா இன்னிக்கி மூணு பேரும் அந்தப் பக்கந்தான் நின்னிருப்போம்."

"கழுதைக்கு மரியாத குடுத்த குடும்பம்னு பேப்பர்ல போட்டிருப்பாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"சின்ன வயசுலேந்து யாராவது எதுக்க வந்தா என் காலு தானா நவுந்துடும்ங்க. பஸ்ஸுல, கல்யாண வூட்டுல, எங்க அண்ணன் எதிர்ல. யாரும் சொல்லவே வேணாம். நவுந்து எங்க நிக்கறன்னு ஒரு நாளு திரும்பிப் பாத்ததில்ல. இன்னிக்கிதான் பாத்தன்."

 ஷூவை வாங்கி மிச்சமிருந்த சரளையைத் தட்டிக் கொடுத்தேன்.

சுகன்யா ஓடிவந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஜீப்பின் முன் கதவைத் திறந்து, நாசர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவனுடைய கேசட்டுகளைக் கிளற ஆரம்பித்துவிட்டாள். முன் சீட் எப்போதும் என்னுடையது. கலாவை வழக்கம்போலப் பார்த்தேன், ஒரு அதட்டல் போடுவாள் என்று.

கலா பின்கதவைத் திறந்து ஏறி, எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். முன் சீட்டில் தெரிந்த மகளின் பின்னந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒதுங்கத் தெரியாம வளந்துட்டா" என்றாள் என்னிடம் மட்டும். "அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்."